வீட்டுக்குள் புகுந்த தண்ணியை இறைக்க அவசரம்: மோட்டாரே எமனாகும் பரிதாபம்

சென்னை,

மழை விட்டதும் சென்னை புறநகரில் முதலில் கேட்கும் சத்தம் மோட்டார் சத்தம்தான். வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, முடிச்சூர் என்று எந்தப் பக்கம் போனாலும் வீட்டு வாசலில் இருந்து ஓஸ் பைப் பாம்பு மாதிரி நீண்டு கிடக்கும். வீட்டுக்குள் புகுந்த தண்ணியை தெருவில் தள்ளிக் கொண்டு இருப்பார்கள். தெருவில் நிற்கும் தண்ணி பக்கத்து வீட்டுக்குள் போகும். அந்த வீட்டுக்காரர் வாடகைக்கு ஒரு மோட்டாரை எடுத்து வந்து திரும்பவும் தெருவிலேயே தள்ளுவார். ராத்திரி முழுக்க இந்த கூத்து நடக்கும். விடிந்து பார்த்தால் இரண்டு வீட்டிலும் முழங்கால் தண்ணி அப்படியே நிற்கும். டீசல் மட்டும் தீர்ந்து போயிருக்கும்.

கேட்க சிரிப்பாக இருக்கலாம். ஆனால் இந்த அவசரத்தில்தான் உயிர்கள் போய்க் கொண்டு இருக்கின்றன.

2025-ம் ஆண்டு மே மாதம் 19-ந்தேதி பெங்களூரு பி.டி.எம். லேஅவுட் பகுதியில் நடந்த சம்பவத்தை யாரும் மறந்திருக்க முடியாது. பலத்த மழையில் ஒரு அடுக்குமாடி குடியிருப்பின் கீழ்த்தளத்தில் தண்ணி தேங்கியது. அங்கே குடியிருந்த 63 வயது பெரியவர், தண்ணியை வெளியேற்ற மோட்டாரை கொண்டு வந்து வைத்து பிளக்கில் ஒயரை சொருகினார். அடுத்த நொடி கரண்ட் தாக்கியது. பக்கத்தில் நின்று கொண்டிருந்த 12 வயது சிறுவனும் தப்பவில்லை. அந்தச் சிறுவன் அந்த குடியிருப்பில் வேலை பார்த்த நேபாள தொழிலாளியின் மகன். இரண்டு பேரும் பலியானார்கள்.

புயலில் வீடு இடியவில்லை. ஆற்றில் யாரும் அடித்துச் செல்லப்படவில்லை. தேங்கிய தண்ணியை இறைக்கப் போன இடத்தில் இரண்டு உயிர். இதை 'மழை பலி' என்று கணக்கு எழுதி மூடி விடலாம். உண்மையில் இது மழை செய்த வேலை இல்லை. தண்ணிக்கு நடுவில் நின்று கொண்டு கரண்டை தொட்ட வேலை.

இறங்குவது யார்?

அடுக்குமாடி வீடுகளில் மழைத் தண்ணி புகுந்தால் கீழே இறங்கி மோட்டார் போடுவது யார் என்று பார்த்தால் விஷயம் புரியும். வீட்டு உரிமையாளர்கள் பெரும்பாலும் மாடிப்படியில் நின்று டார்ச் அடிப்பார்கள். இடுப்பளவு தண்ணியில் இறங்குவது வாட்ச்மேன், இல்லாவிட்டால் பிளம்பர், அதுவும் இல்லாவிட்டால் எதிர் டீக்கடையில் நிற்கும் கூலி ஆள். 300, 500 கையில் வாங்கிக் கொண்டு லுங்கியை மடித்துக் கட்டி இறங்குவார். அவர் காலில் செருப்பு கூட இருக்காது.

பல குடியிருப்புகளில் வாட்ச்மேன் குடும்பத்துக்கு வீடு என்று கொடுத்திருப்பதே கார் நிறுத்தும் தளத்தில் படிக்கட்டுக்கு அடியில் உள்ள சின்ன அறைதான். தண்ணி முதலில் நுழையும் இடமும் அதுதான். கரண்ட் மீட்டர் போர்டும் அந்தச் சுவரில்தான் தொங்கும். ஏன் அந்த அறையை அங்கே வைத்தார்கள் என்று கேட்க ஆள் இல்லை.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக கொண்டு போய் நிறுத்தியது நாடு முழுக்க செய்தியானது. போலீசார் அபராதம் போடுவதாக பேச்சு கிளம்ப, பிறகு அபராதம் இல்லை என்று போலீஸ் தரப்பு சொன்னது. வெள்ளத்தில் ஒரு தடவை அடிபட்டவர்கள் காரை காப்பாற்ற கற்றுக் கொண்டு விட்டார்கள். தப்பில்லை. கீழ்த்தளத்து அறையில் படுத்திருக்கும் வாட்ச்மேனுக்குத்தான் எந்த மேம்பாலமும் இல்லை.

பள்ளமான இடத்தில் தண்ணி எவ்வளவு வேகமாக ஏறும் என்பது டெல்லியில் தெரிந்தது. 2024 ஜூலை 27-ந்தேதி பழைய ராஜேந்திர நகரில் ஐ.ஏ.எஸ். பயிற்சி மையத்தின் கீழ்த்தளத்தில் வெள்ளம் புகுந்து 3 மாணவர்கள் பலியானார்கள். பொருள் வைக்கவும் வண்டி நிறுத்தவும் அனுமதி வாங்கிய கீழ்த்தளத்தை நூலகமாக நடத்தி வந்தது விசாரணையில் வெளிச்சத்துக்கு வந்தது. தெருவில் நின்ற தண்ணி உடைத்துக் கொண்டு உள்ளே பாய்ந்தபோது படிக்கட்டு ஏற நேரம் இல்லை.

நம்ம ஊரிலும் இல்லாமல் இல்லை. 2023 டிசம்பர் 4-ந்தேதி மிச்சாங் புயல் மழையில் வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில் கட்டிட வேலைக்காக தோண்டிய சுமார் 50 அடி பள்ளத்தில் மண் சரிந்து 2 பேர் சிக்கினார்கள். ராட்சத மோட்டார்களை வைத்து ராத்திரி பகலாக இறைத்தார்கள். இறைக்க இறைக்க தண்ணி ஊறியது. உடல்களை எடுக்க 8-ந்தேதி ஆகி விட்டது. அரசாங்கம் மொத்த பலத்தோடு இறங்கியும் 4 நாள். வீட்டில் அரை எச்.பி. மோட்டாரை வைத்துக் கொண்டு ஒரு மணி நேரத்தில் முடித்து விடலாம் என்று நினைப்பது பேராசை.

பேஸ்மட்டம் வேறு, பேஸ்மென்ட் வேறு

மேஸ்திரிகள் 'பேஸ்மட்டம்' என்று சொல்வது வீட்டுக்கு அடியில் மண் கொட்டி உயர்த்திக் கட்டும் அடித்தளத்தை. ரோட்டில் இருந்து 3 அடி பேஸ்மட்டம் தூக்கி கட்டினால் கெட்டிக்கார மேஸ்திரி என்று பெயர். பிளாட் விற்பவர்கள் 'பேஸ்மென்ட்' என்று சொல்வது அதற்கு நேர் எதிர். ரோட்டுக்கு கீழே தோண்டும் கார் பள்ளம். ஒரே வார்த்தை, ஒன்று வெள்ளத்தில் இருந்து காப்பாற்றுவது, இன்னொன்று வெள்ளத்தை வரவேற்பது.

இதில் கொடுமை என்னவென்றால் பேஸ்மட்டம் தூக்கி கட்டிய வீடுகளும் நாளடைவில் பேஸ்மென்ட் ஆகி விட்டன என்பதுதான். 25, 30 வருஷத்துக்கு முன்னால் கட்டிய வீடுகளைப் பார்த்தால் தெரியும். அப்போது வாசலில் 3 படி ஏறி வீட்டுக்குள் போனார்கள். இப்போது 2 படி இறங்கிப் போகிறார்கள். வீடு இறங்கவில்லை, ரோடு ஏறி விட்டது. பழைய ரோட்டை சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே தார் ஊற்றி ஊற்றி ஒவ்வொரு தடவையும் சில அங்குலம் உயர்த்தியதன் பலன் இது.

இதனால்தான் கார் கூட இல்லாத வீடுகளிலும் மோட்டார் தேவைப்படுகிறது. ஜாக்கி வைத்து முழு வீட்டையும் 3 அடி, 4 அடி தூக்கும் வேலை சென்னையில் தனி தொழிலாகவே வளர்ந்து விட்டது. பணம் உள்ளவர்கள் தூக்கிக் கொள்கிறார்கள். மற்றவர்கள் வாசலில் செங்கல் வைத்து சிமெண்டு பூசி ஒரு அடிக்கு தடுப்பு கட்டுகிறார்கள். அந்த தடுப்பு வெளித் தண்ணியை கொஞ்ச நேரம் நிறுத்தும். உள்ளே வந்து விட்டால் வெளியே போகவும் விடாது.

கணக்கு போட்டால் தலை சுத்தும்

1,000 சதுர அடி வீட்டில் 2 அடி தண்ணி நின்றால் அது சுமார் 56 ஆயிரம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் தண்ணி லாரியில் கிட்டத்தட்ட 5 லோடு. வீட்டு சம்ப்பில் போடும் அரை எச்.பி. மோட்டார் நிமிடத்துக்கு 40 லிட்டர் தள்ளுகிறது என்று வைத்துக் கொண்டால் நிறுத்தாமல் ஒரு நாள் முழுக்க ஓட வேண்டும். அதுவும் நல்ல தண்ணிக்கு செய்த மோட்டார். சேறும் பிளாஸ்டிக் பையும் கலந்த வெள்ளத்தில் விட்டால் அரை மணி நேரத்தில் அடைத்து, சூடாகி, காயில் கருகிப் போகும். அதன் பிறகு வெள்ளமும் போகாது, வடிந்த பிறகு குடிதண்ணி ஏற்றவும் மோட்டார் இருக்காது.

வயலில் ஓடும் 3 அங்குல டீசல் என்ஜின் பம்பு நிமிடத்துக்கு ஆயிரம் லிட்டர் வரை தள்ளும். அதே வீட்டை ஒரு மணி நேரத்தில் காலி பண்ணி விடும். மழை நேரத்தில் செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்து விவசாயிகளின் என்ஜினுக்கு நகரத்தில் கிராக்கி ஏறுவது இதனால்தான். கழிவுத் தண்ணிக்கு என்றே செய்த, தண்ணிக்குள் மூழ்கி ஓடும் பம்பும் கடைகளில் கிடைக்கிறது. போர்வெல்லில் இறக்கும் சப்மெர்சிபிளை கழற்றி சேற்றில் போடுபவர்களும் உண்டு. அது போட்ட காசுக்கு நாமம்.

கார் பள்ளம் என்றால் கணக்கே வேறு. 2 கிரவுண்டு இடத்தில் 8 அடி ஆழத்துக்கு தண்ணி நிரம்பினால் சுமார் 11 லட்சம் லிட்டர். 90 லாரி தண்ணி. ஆயிரம் லிட்டர் தள்ளும் என்ஜினே 18 மணி நேரம் ஓட வேண்டும். அதுவும் புதுசாக ஒரு சொட்டு ஊறாமல் இருந்தால்!

உடனே இறைத்தால் சுவர் விழும்

நிறைய பேருக்கு தெரியாத ஆபத்து இங்கேதான் இருக்கிறது. வெள்ளத்தில் ஊறிய மண், பள்ளத்தின் சுவரை வெளியில் இருந்து நெருக்கிக் கொண்டே இருக்கும். 1 மீட்டர் ஆழத்தில் தண்ணியின் அழுத்தம் மட்டும் சதுர மீட்டருக்கு 1 டன். 8 அடி ஆழத்தில் அது 2½ டன்னை நெருங்கும். உள்ளே தண்ணி நிரம்பி இருக்கும் வரை அது உள்ளிருந்து எதிராகத் தாங்கிப் பிடிக்கும். மோட்டார் போட்டு உள்ளே உள்ளதை மட்டும் மளமளவென்று காலி செய்தால் வெளியில் உள்ள அழுத்தம் சுவரை உள்ளே தள்ளி விடும். தரையை கீழே இருந்து பிளந்து கொண்டும் வரும். சுவருக்கு பக்கத்தில் மோட்டாரை பார்த்துக் கொண்டு நிற்பவர் கதி என்ன ஆகும்?

அமெரிக்காவில் நிறைய வீடுகளில் நிலவறை உண்டு. அங்கே பேரிடர் நிவாரண அமைப்பு 'ஃபெமா' சொல்வது, ஒரே நாளில் முழுசையும் இறைக்காதே, நாளைக்கு மூன்றில் ஒரு பங்கு வீதம் எடு என்பதுதான். இறைத்து விட்டு சுவரில் சாக்பீசால் கோடு போட்டு வைக்க வேண்டும். காலையில் தண்ணி கோட்டுக்கு மேலே ஏறி இருந்தால் சுற்றியுள்ள மண்ணில் இன்னும் வெள்ளம் வடியவில்லை என்று அர்த்தம். அப்போது மோட்டாரை நிறுத்தி விட்டு காத்திருப்பது தவிர வழி இல்லை. 2 நாள் நாற்றத்தை பொறுத்துக் கொள்வது கஷ்டம்தான். சுவர் விழுந்தால் கட்டிடத்தையே பொறுத்துக் கொள்ள முடியாது.

தரை மட்டத்து வீட்டுக்கு இந்த பயம் குறைவு. அங்கே பார்க்க வேண்டியது ஒன்றுதான். தெருத் தண்ணி வீட்டுத் தண்ணியை விட உயரமாக நிற்கிறதா என்று வாசலில் நின்று பார்க்க வேண்டும். தெரு மட்டம் இறங்காத வரைக்கும் வாசலை மணல் மூட்டையால் அடைக்காமல் இறைப்பது வீண்.

சம்ப் விஷயத்திலும் அவசரம் கூடாது. சாக்கடை கலந்து விட்டது என்று வெள்ளம் சுற்றி நிற்கும் போதே சம்ப்பை முழுசாக காலி செய்பவர்கள் இருக்கிறார்கள். காலியான தொட்டி, தண்ணி ஊறிய மண்ணுக்குள் படகு மாதிரி ஆகி விடும். பிளாஸ்டிக், பைபர் தொட்டி என்றால் மேலே கிளம்பியே வந்து விடும். கான்கிரீட் சம்ப் என்றால் விரிசல் விடும்.

மெயினை அணைத்தால் மட்டும் போதாது

கரண்டுக்கு வருவோம். தண்ணி புகுந்ததும் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மெயின் போர்டு இருக்கும் இடத்துக்கே தண்ணிக்குள் நடந்துதான் போக வேண்டும் என்றால்? போகக் கூடாது. மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987. அங்கே சொல்லி தெருவிலேயே சப்ளையை நிறுத்தச் சொல்ல வேண்டும். 'தெருவுக்கே கரண்ட் போயிடும், அக்கம்பக்கத்துல திட்டுவாங்க' என்று தயங்குபவர்கள் நிறைய.

இன்னொரு எமன் இன்வெர்ட்டர். மெயினை அணைத்ததும் கரண்ட் போய் விட்டதாக நினைத்து இன்வெர்ட்டர் தானாக ஓடத் தொடங்கி விடும். வீட்டு ஒயரில் மறுபடியும் அதே வோல்டேஜ் ஓடும். மெயினை அணைத்த வீட்டிலும் இதனால் கரண்ட் தாக்கலாம் என்பதை ஞாபகம் வைக்க வேண்டும். மெயினோடு சேர்த்து இன்வெர்ட்டரையும் அணைத்து, பேட்டரி ஒயரையும் கழற்றி விட வேண்டும். அதுவும் தண்ணி ஏறுவதற்கு முன்னால், காய்ந்த தரையில் நின்று கொண்டு.

மோட்டாருக்கு கரண்ட் எங்கிருந்து? முதல் மாடி வீட்டு ஜன்னல் வழியாக ஒயர் தொங்க விடுவது வழக்கம். நடுவில் இரண்டு மூன்று ஜாயின்ட். அதன் மேல் கருப்பு டேப். அந்த ஜாயின்ட் தண்ணியில் கிடக்கும். டேப் சுத்தினால் தண்ணி போகாது என்ற நம்பிக்கையில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்களோ! ஜாயின்ட் இல்லாத ஒரே ஒயர், தண்ணிக்கு மேலே பிளக், நடுவில் கசிவைக் கண்டு உடனே துண்டிக்கும் இ.எல்.சி.பி. சுவிட்ச். இது மூன்றும் இல்லாமல் மின்சார மோட்டாரை தண்ணியில் இறக்கவே கூடாது. பியூஸ் போய் விடும், அதனால் ஆபத்து இல்லை என்பது தவறு. பியூஸ் ஒயரை காப்பாற்றும், மனுஷனை காப்பாற்றாது. மனுஷன் உயிர் போக பியூசுக்கு தெரியாத அளவு கரண்டே போதும்.

'கரண்டே வேண்டாம், டீசல் என்ஜினே மேல்' என்பவர்கள் அதை பள்ளத்துக்குள் இறக்கி வைத்து ஓட்டுவது அடுத்த அபாயம். மூடிய இடத்தில் என்ஜின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாடையே இல்லாமல் ஆளை மயக்கி கொன்று விடும். என்ஜின் எப்போதும் மேலே, திறந்த வெளியில்தான் இருக்க வேண்டும். ஓஸை மட்டும் கீழே இறக்கினால் போதும். 20 அடி ஆழம் வரை நல்ல பம்பு உறிஞ்சி எடுத்து விடும். ஜெனரேட்டரை கொண்டு வந்து வீட்டு பிளக்கில் நேராக சொருகுவதும் பெரிய தப்பு. அந்த கரண்ட் திரும்பி தெரு லைனுக்கு போகும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன், சப்ளை இல்லை என்று நம்பி கை வைப்பார்.

மேன்ஹோலை திறக்கும் மகானுபாவர்கள்

இறைத்த தண்ணியை எங்கே விடுவது என்பதில்தான் தெருச் சண்டையே தொடங்குகிறது. இருட்டோடு இருட்டாக பாதாள சாக்கடை மூடியை கடப்பாரையால் நெம்பி திறந்து விட்டு ஓஸை உள்ளே விட்டு விடுவது பல தெருக்களில் நடக்கிறது. பார்க்க தண்ணி சுருசுருவென்று இறங்குவது மாதிரி இருக்கும். பாதாள சாக்கடை குழாய் வீட்டுக் கழிவுக்கு மட்டும் போட்டது. மழைத் தண்ணியை தாங்கும் அளவு அதற்கு கிடையாது. நிரம்பியதும் பள்ளமான தெருவில் உள்ள வீடுகளின் கக்கூஸ் வழியாக, குளியலறை ஓட்டை வழியாக பொங்கி மேலே வரும். வாசலில் மணல் மூட்டை அடுக்கி காவல் இருந்தவர், கொல்லையில் கக்கூஸ் வழியாக வெள்ளம் வருவதை பார்த்து தலையில் அடித்துக் கொள்வார். திறந்து விட்டவர் நிம்மதியாக தூங்குவார். திறந்த மூடியை மூடாமல் விட்டு, அதில் நடந்து போகிறவர் விழுந்தால் அது தனிக் கதை.

வெளியே போகும் கழிவுக் குழாயில் நான் ரிட்டர்ன் வால்வு ஒன்று போட்டு வைத்தால் உள்ளே திரும்பி வராது. பிளம்பர் அரை நாளில் போட்டு விடுவார். வால்வு இல்லாதவர்கள் வெள்ளம் வரும் அறிகுறி தெரிந்ததும் கோணிப் பையில் மணலை நிரப்பி கக்கூஸ் வாயிலும் தரை ஓட்டையிலும் அழுத்தி வைக்கலாம்.

விட வேண்டிய இடம் மழைநீர் வடிகால். அந்த வடிகால் போய்ச் சேரும் ஏரியும் கால்வாயும் நிரம்பி நின்றால் அதுவும் எடுக்காது. 2023 டிசம்பரில் மழை நின்ற பிறகும் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணி நின்றதற்கு காரணம் மோட்டார் பஞ்சம் மட்டும் இல்லை. தள்ளி விட இடம் இல்லை. அதே மாதம் 17, 18-ந்தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியபோது தூத்துக்குடி மாவட்டத்திலும் இதே நிலைமைதான். கடல் மட்டத்துக்கு கொஞ்சமே மேலே இருக்கும் ஊரில் தண்ணி தானாக ஓடாது.

ஆகவே ஒரு வீட்டுக்கு ஒரு மோட்டார் என்பது உதவாத வேலை. ஒரு தெருவுக்கு ஒரு பெரிய என்ஜின் வாடகைக்கு எடுத்து, நீளமான ஓஸ் போட்டு, தண்ணி ஓடிக் கொண்டிருக்கும் வடிகால் வரை கொண்டு போனால் மொத்த தெருவும் வடியும். செலவும் பிரியும். சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு தனித்தனியாக 40 பேர் தங்கள் வீட்டை சொல்வதை விட, தெரு பெயரையும் எந்த இடத்தில் வடிகால் அடைத்து நிற்கிறது என்பதையும் சேர்ந்து சொன்னால் ஆள் வரும் வாய்ப்பு அதிகம்.

எண்ணூர் பக்கத்து ஜனங்களுக்கு வேறு சோதனை. 2023 வெள்ளத்தில் எர்ணாவூர் பகுதி வீடுகளில் புகுந்தது எண்ணெய் கலந்த தண்ணி. தண்ணி வடிந்த பிறகும் சுவரில் கருப்பு கோடு நின்றது. இப்படி எண்ணெய் மிதக்கும் தண்ணியில் பெட்ரோல் என்ஜின் வைப்பதற்கு முன்னால் தீயணைப்பு துறையிடம் கேட்டு விடுவதே புத்திசாலித்தனம்.

வடிந்த பிறகு

தண்ணி போனதும் சேற்றை அன்றைக்கே வழித்து எடுத்து விட வேண்டும். காய்ந்தால் சிமெண்டு மாதிரி ஒட்டிக் கொள்ளும். வெறும் காலோடு சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரும் வாய்ப்பு உண்டு. எலி மூத்திரம் கலந்த தண்ணி காலில் உள்ள சின்ன புண் வழியாக உள்ளே போகும். ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் ஆஸ்பத்திரியில் 'வெள்ளத்தில் நின்றேன்' என்று சொல்ல வேண்டும். மூழ்கிய பைக், ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவே கூடாது. என்ஜினுக்குள் தண்ணி இருந்தால் ஒரு கிக்கில் ராடு வளைந்து செலவு பல மடங்காகும். நனைந்த சுவிட்ச் போர்டுகளை எலக்ட்ரீசியன் திறந்து பார்த்து சொல்லும் வரை மெயினை போடக் கூடாது.

சம்ப்பைக் கழுவ ஆள் இறங்குவதற்கு முன் மூடியை திறந்து வைத்து காற்றோட்டம் விட வேண்டும். சாக்கடை கலந்த சம்ப்பில் விஷவாயு தேங்கும். ஒருவர் மயங்கினால் காப்பாற்ற குதிப்பவரும் சேர்ந்து போவதுதான் இந்த விபத்துகளின் வாடிக்கை.

செலவு யார் தலையில்?

2023 வெள்ளத்துக்கு ரேஷன் கடை மூலம் ரூ.6 ஆயிரம் நிவாரணம் கிடைத்தது. கட்டில், பீரோ, மோட்டார், மாணவர்களின் புத்தகம் எல்லாம் போன வீட்டுக்கு இது எந்த மூலைக்கு என்று கேட்டவர்கள் உண்டு. வாடகை வீட்டில் தரைத்தளத்தில் இருப்பவர் பாடு இன்னும் மோசம். 'சாமான் உங்களுது, நீங்கதான் இறைக்கணும்' என்பார் வீட்டுக்காரர். 'வீடு உங்களுது' என்பார் குடியிருப்பவர். அடுக்குமாடியில் 2-வது மாடிக்காரர் 'எங்க வீட்டுல தண்ணி வரலையே' என்று டீசலுக்கு பங்கு தர மறுப்பார். ஆனால் லிப்ட் மோட்டாரும் சம்ப்பும் கீழேதான் இருக்கிறது என்பது 3-வது நாள் தண்ணி குடத்தை படி ஏறி தூக்கும் போது அவருக்கே புரியும். மழைக்காலத்துக்கு முன்பே சங்கக் கூட்டத்தில் பங்கை முடிவு செய்து எழுதி வைத்த குடியிருப்புகளில் சண்டை குறைவு. மீட்டர் போர்டை கீழ்த்தளத்தில் இருந்து மேலே மாற்றும் செலவையும், வாட்ச்மேன் குடும்பத்தை மழை நாளில் எந்த மாடியில் தங்க வைப்பது என்பதையும் அதே கூட்டத்தில் பேசலாம். பேசுகிறார்களா என்பதுதான் கேள்வி.

ரோடு விஷயத்துக்கு மட்டும் பொதுமக்கள் கையில் ஒரு ஆயுதம் இருக்கிறது. 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, ரோடு போடும் போது பழைய மேல்பரப்பை சுரண்டி எடுத்து விட்டு அதே உயரத்துக்குத்தான் புது ரோடு போட வேண்டும், வீடுகளுக்குள் தண்ணி புகும்படி உயர்த்தக் கூடாது என்று உத்தரவு போட்டார். பெரிய சாலைகளில் சுரண்டும் மெஷின் வருகிறது. குறுகலான சந்துகளில் மெஷின் நுழையாது என்று சொல்லி பழைய தார் மேலேயே புது ஜல்லியை கொட்டுவதும் நடக்கிறது. ரோடு போடும் லாரி வரும் அன்றைக்கு வேலைக்கு போய் விட்டு சாயங்காலம் வந்து பார்த்தால் வாசல் படி ஒன்று காணாமல் போயிருக்கும். ஜல்லி கொட்டுவதற்கு முன்னால் வாசல் படியில் இருந்து ரோடு எத்தனை அங்குலம் கீழே இருக்கிறது என்று டேப் வைத்து அளந்து, செல்போனில் போட்டோ எடுத்து வைத்துக் கொண்டு, வார்டு அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுத்து ரசீது வாங்கி வைக்கலாம். சுரண்டாமல் தார் ஊற்ற வந்தால் வேலையை நிறுத்தச் சொல்லி கேட்க அந்த ரசீது உதவும்.